குயவனுக்கு மண் எங்கிருந்து வந்தது?

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியை அவர்களுக்கும்,

வணக்கம். போன வியாழக்கிழமை நன்னெறி வகுப்பில் நடந்ததை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பேச வந்த பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தியதே நீங்கள்தான். நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன். என் மகளின் டைரியில் சிவப்பு மையில் எழுதியிருக்கும் "கடவுளை அவமதித்துப் பேசினாள்" என்ற வரியை அடித்துவிடுங்கள்.

பானை என்று ஒன்று இருந்தால் அதை வனைந்த குயவன் இருந்தாக வேண்டும், அதுபோல உலகத்துக்குக் கடவுள் என்றார் பெரியவர். சரி. பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்பதெல்லாம் கட்டுக்கதை, ஆயிரம் வாலா வெடித்தால் குப்பைதான் சேரும், வீடா எழும்பும் என்றும் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். இவள் எழுந்து, "குயவனுக்கு மண் இருந்தது. கடவுளுக்கு மண் எங்கிருந்து வந்தது, ஐயா?" என்றாள். ஐயா போட்டுத்தான் கேட்டாள். அதற்கு இரண்டு பீரியட் வராந்தாவில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்க வைத்தீர்கள்.

அன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்கு வரவில்லை. தெருமுனைப் பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று பூக்காரம்மாதான் போன் செய்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு முறை எழும்போதும் உள்ளே டிபன் பாக்ஸ் கலகலத்தது. நூற்றெட்டு முடியாமல் வரமாட்டேன் என்றாள். முடித்துவிட்டுத்தான் வந்தாள். ராத்திரி படுத்த பிறகு, "அம்மா, நான் சாமியைத் திட்டிட்டேனா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயது.

என்னை நாத்திகம் பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரதோஷம் தவறாமல் கபாலி கோயிலுக்குப் போகிறவள். கோபம் கூடுதலாக வருவதே அதனால்தான். அந்தக் குயவன் உவமை சைவ சித்தாந்தத்தில் புழங்கித் தேய்ந்த உவமை. செய்கிற குயவன் நிமித்த காரணம், கருவிகளான சக்கரமும் தண்டும் துணைக் காரணம், பொருளான மண் முதற் காரணம். மண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைச் சித்தாந்திகள் தட்டிக்கழிக்கவில்லை. அந்த மண்தான் மாயை என்கிற மூலப்பொருள், இறைவனைப் போல அதுவும் அனாதி, யாரும் படைத்ததல்ல என்று பதில் வைத்திருந்தார்கள். வேதாந்திகள் அதை ஒப்பாமல், குயவனும் அவனே மண்ணும் அவனே என்றார்கள். பெரிய பெரிய தலைகள் மோதிக்கொண்ட இடத்துக்கு ஏழாம் வகுப்புப் பெண் யார் துணையும் இல்லாமல் வந்து நின்றிருக்கிறாள். தன் சமயத்தைப் படித்தவராக இருந்தால் பெரியவர் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லியிருப்பார்.

ஆயிரம் வாலா விஷயமும் அப்படித்தான். வெற்றிடத்தின் நடுவே ஏதோ வெடித்துச் சிதறியதல்ல அது. இடமே விரிந்தது, 1380 கோடி ஆண்டுகளாக விரிந்துகொண்டிருக்கிறது. வெடிப்பு என்ற பெயரை 1949-இல் வானொலியில் சொன்ன வானியலாளர் ஃபிரெட் ஹாயில் அந்தக் கருத்தையே ஏற்காதவர். ஓர் ஆதி அணுவிலிருந்து எல்லாம் தொடங்கியது என்று 1931-இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ரோ பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசியபோது, அது அந்தப் பாதிரியாருக்கே பிடிக்கவில்லை. பூசையும் செய்தார், கணக்கும் போட்டார். ஒன்றை மற்றதற்கு முட்டுக்கொடுக்க வைக்கவில்லை. அந்தத் தொடக்கத்துக்கு முன்னால் என்ன, மண் எங்கிருந்து என்று கேட்டால் இன்றைய விஞ்ஞானிகளும் தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அறிவியல் டீச்சராவது சொல்லியிருக்கலாம்.

இதில் அறிவியல் மேம்பாட்டுக் கட்டணம் என்று வருஷா வருஷம் வாங்குகிறீர்கள். அதில் வாங்கிய தொலைநோக்கி ஆபீஸ் ரூம் கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது. ஆயுதபூஜைக்கு உறை மேலேயே சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறீர்கள், பார்த்தேன். கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் ஆட்டோவில் போகிற தூரம்தான். ஆனால் சுற்றுலா என்றால் நமக்குத் தீம் பார்க். மன்னிக்கவும், கட்டணத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை.

யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் உங்கள் சுருக்கொப்பம் போட்டுத் தந்தால் போதும். முடிந்தால், அவள் கேட்ட கேள்விக்கு அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால், யாராவது ஒருவர் பதில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். தெரியாது என்பதும் பதில்தான்.

டைரியைத் திங்கட்கிழமை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பெற்றோர் கையொப்பம் கேட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
மந்தைவெளி, சென்னை.