குழாய்ச் சாவி யாரிடம்?

நகராண்மைக் கழகத்தின் சமூகத் தோட்டக் குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் காய்கறி வகுப்பு மறுபடியும் தொடங்கப் போவதாகக் கீழ்த்தளத்துப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். எட்டு வாரம், இலவசம், டி-சட்டை உண்டு, முடிவில் சான்றிதழ். சந்தோஷம். நான் இப்போது எழுதப் போவதை மார்ச் மாதமே மலாயில் எழுதி உங்கள் முகப்பில் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி. அதனால்தான் இந்த முறை தமிழில், எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேட்க வந்தது ஒரே ஒரு பொருள்: அந்த இடத்துக் குழாயின் சாவி.

கேட்பது யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெற்குக் கெடாவில் இந்த டவுனைச் சுற்றி ஒரு காலத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பால்மரம்தான், அதாவது ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை), மிச்சம் தாமான் குடியிருப்பு வீடுகள். எங்கள் பிளாட்டில் பாதிப் பேர் தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, காலி செய்துகொண்டு வந்தவர்கள். நீங்கள் கட்டிய பேனரில் ‘சமூகத் தோட்டம்’ என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியபோது அம்மா கேட்டார்: “எந்தத் தோட்டம்? யாரு மண்டோரு?” மண்டோர் என்றால் வேலை வாங்குகிற மேற்பார்வையாளர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தோட்டம் என்றால் விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), உளி, பால்வாளி, கிராணியின் (எழுத்தரின்) கணக்கு. காய்கறி போடுகிற இடத்துக்குப் பெயர் கொல்லை.

அந்தக் கொல்லை லயத்தில் எல்லா வீட்டுக்குப் பின்னாலும் இருந்தது. தொழிலாளிக்குப் பயிர் செய்துகொள்ள நிலம் ஒதுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. கருணை என்று நினைக்க வேண்டாம். கொடுக்கிற சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் பாட்டி பிள்ளைகளைக் காப்பாற்றியது கொல்லையில் போட்ட மரவள்ளிக் கிழங்கை வைத்துத்தான். 1974-ல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டம் கொண்டுவந்து, வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று நாட்டுக்கே சொன்னார். லயத்தில் யாருக்கும் அது புதுச் செய்தி இல்லை. பாகல், புடலை, அவரை, வெண்டை, வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் வல்லாரை எல்லாம் அதற்கு முன்பே இருந்தவைதான்.

மூன்றாவது மாடிக்கு வந்தபிறகு அம்மாவுக்கு இருப்பது பெயிண்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி. அதனால் வகுப்பு என்றதும் முதலில் பெயர் கொடுத்தது அம்மாதான். அவரோடு பதினான்கு பெண்கள். யாருக்கும் அறுபது வயதுக்குக் குறையாது.

வகுப்பைக் குறை சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதும் இருந்தது. பயிற்றுநர் ஒரு கருவியால் மண்ணைச் சோதித்துக் காட்டினார். பி.எச். அளவு நாலரைதான் காட்டியது. மண்ணில் புளிப்பு அதிகம், இப்படியே விட்டால் போடுகிற உரத்தைச் செடி எடுத்துக்கொள்ளாது, முதலில் சுண்ணாம்புத் தூள் போட வேண்டும் என்றார். மூட்டையைப் பார்த்ததும் அம்மா, “இது ஜி.எம்.எல். இல்ல?” என்றார். அதேதான், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள். தோட்டத்தில் வருஷக்கணக்காகச் செம்பனைக்கு அள்ளி வீசியது. எதற்கு வீசுகிறோம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, எழுபத்தோராவது வயதில் தெரிந்துகொண்டார். அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் இரண்டு தடவை சொன்னார். அந்த ஒரு நாளுக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லலாம்.

இன்னொரு நாள் அப்படி அமையவில்லை. மூன்றாவது வாரம் ‘இயற்கை முறை’ பாடம். விஷ மருந்து அடித்த அனுபவம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார் பயிற்றுநர். ஒருவரோ இருவரோ தூக்குவார்கள் என்று நினைத்திருப்பார். பதினைந்து கையும் மேலே போனது. அவர் ஒரு நொடி தடுமாறி, அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அங்கே நின்றிருக்க வேண்டும். அந்தப் பதினைந்து பேரும் முதுகில் தெளிப்பானைச் சுமந்து செம்பனைக்கு அடியில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்தவர்கள். அதை ‘மருந்து’ என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கையுறை கிடையாது, இருந்தாலும் அந்த வெயிலில் போட முடியாது. அம்மாவுக்கு நகம் கறுத்துப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. எத்தனையோ நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்திருக்கிறது. அந்த மருந்தை ஒழிப்போம் என்று 2002-ல் அரசாங்கம் முடிவெடுத்தது, 2006-ல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. மருந்தடிக்காமல் ஏன் பயிர் செய்ய வேண்டும் என்பதற்கு அந்தப் பதினைந்து பேரின் விரல்களைவிட நல்ல பாடம் எந்தப் படத்தில் இருக்கிறது? “நீங்க சொல்லுங்கம்மா” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மலாய் வராதவர்கள் இல்லை அவர்கள். பாசார் மலாயில் (கடைத்தெருப் பேச்சு மலாயில்) காரியத்தை முடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான்.

சரி, சாவிக்கு வருகிறேன்.

வகுப்பு நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து டிசம்பர் கடைசியில் முடிந்தது. எட்டு வாரத்தில் கங்கோங் கீரையை இரண்டு தடவை அறுத்துவிடலாம். விதைத்து நான்கு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நிறைவு விழாவில் பிரமுகர் வந்து பிடுங்கிப் படம் எடுத்துக்கொண்டதும் கங்கோங்தான். கத்தரி அப்படி இல்லை. நாற்றுவிட்டு, பிடுங்கி நட்டு, காய்க்க இரண்டரை, மூன்று மாதம் பிடிக்கும். விழா நடந்த அன்று கத்தரி அப்போதுதான் பூ வைத்திருந்தது. மறுநாள் உங்கள் ஆள் வந்து குழாய்க்குப் பெட்டி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார். தண்ணீர்த் திருட்டு நடக்கும் என்று பயமாம். பயம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் கெடாவில் ஜனவரி, பிப்ரவரி என்ன மாதம் என்று உங்களுக்கே தெரியும். பால்மரம்கூட இலை உதிர்த்துவிட்டு நிற்கிற வறட்சி. பொங்கல் குழம்புக்குக் கத்தரி பறிக்கலாம் என்று நினைத்திருந்தவர்கள், பொங்கலன்று வாடிய செடிகளுக்கு நடுவே நின்றார்கள்.

சாவி அலுவலகத்தில் இருக்கிறது, வேண்டும்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றீர்கள். அலுவலகம் திறப்பது எட்டு மணிக்கு, மூடுவது ஐந்துக்கு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஏழு மணிக்கு முன்னால், இல்லை என்றால் வெயில் இறங்கியபிறகு. உச்சி வெயிலில் சாவி கிடைத்து என்ன செய்வது? வெள்ளியும் சனியும் கெடாவில் வார விடுமுறை, அதுவும் கிடையாது.

அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கதை. பெண்கள் மாடியிலிருந்து வாளியில் சுமந்தார்கள். முட்டி வலிக்காரர்கள் எத்தனை நாள் சுமப்பார்கள்? ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இரண்டு பழைய பீப்பாய் வாங்கி, கொல்லையோரம் வைத்து, யாராவது பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது நிரப்பி வைத்தார்கள். மூடி கிடையாது. ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கிறவரை ஒரு வாரம், பத்து நாள் போதும். பிப்ரவரியில் சுகாதார அதிகாரிகள் வந்து புழுவைக் கண்டுபிடித்தார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். பீப்பாயை வாங்கியவர் பெயரில் எழுதினார்கள். அவர் மகளிடமிருந்து மாதம் 200 வெள்ளி வாங்கிச் சாப்பிடுகிறவர்.

அதிகாரிகள் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். டிங்கி வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பிளாட்டுக்குத் தெரியும். பீப்பாயை மூடாமல் வைத்தது எங்கள் தப்பு. ஆனால் குழாய் திறந்திருந்தால் அந்தப் பீப்பாய் அங்கே வந்தே இருக்காது. அபராதத்தை எல்லாரும் சேர்ந்து கட்டினோம். சீட்டு என்னிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன்.

மார்ச்சில் மழை வந்தது. கத்தரியில் ஏழு செடி பிழைத்தது. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தானாகவே படர்ந்து அல்லூர் (சாக்கடை) ஓரம்வரை போனது. அதைப் புல் வெட்டும் குத்தகைக்காரர் வந்து, புல் என்று நினைத்து, இயந்திரத்தால் மொட்டையடித்துவிட்டுப் போனார். அவரைத் திட்டவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல ஓர் ஆள் அந்த இடத்துக்குப் பொறுப்பாக இல்லை என்பதுதான் என் வாதமே.

இரண்டாவது வகுப்பில் கோலாலம்பூரின் கெபுன்-கெபுன் பங்சார் படத்தைக் காட்டினீர்கள். மின்கம்பி போகிற நிலத்தில், 2017-லிருந்து, தொண்டூழியர்கள் வளர்த்தெடுத்த இடம். அழகாகத்தான் இருந்தது. பின்வரிசையில் ஒருவர், “அங்க தண்ணிக் குழாய் சாவி யாருகிட்ட இருக்கு?” என்று என் காதில் கேட்டார். அப்போது குழாய் பூட்டப்படவில்லை. சும்மாதான் கேட்டார், அனுபவம்.

அதனால் இந்த வருஷ வகுப்புக்கு முன்னால் சிலவற்றைப் பேசிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைக்காதீர்கள். உங்களுக்கு வேலைநாள், வசதி, புரிகிறது. கெடாவில் ஞாயிறு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சனிக்கிழமை ஏழு மணிக்கு வைத்தால் பேரப்பிள்ளைகளும் வருவார்கள், வெயிலும் ஏறியிருக்காது. வாளி பிடிக்க, பீப்பாய் மூட, குனிந்து களை எடுக்கப் பிள்ளைகள்தான் வேண்டும்.

போன வருஷம் கடையில் பை பையாக மண் வாங்கினீர்கள். டவுனுக்கு வெளியே எண்ணெய் ஆலை இருக்கிறது. நூறு கிலோ செம்பனைக் குலை உள்ளே போனால் இருபது கிலோவுக்குமேல் வெறும் குலையாக வெளியே வருகிறது. ஒரு லோரி கேட்டுப் பாருங்கள். ஆனால் கொண்டுவந்து மலை மாதிரி குவித்துவிடாதீர்கள். குவித்தால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைக்கும், அப்புறம் அக்கம்பக்கத்துத் தென்னையெல்லாம் போய்விடும். ஒரு குலை உயரத்துக்குப் பரப்பிவிட வேண்டும். இது நான் சொல்வது இல்லை, அம்மா சொல்வது. அவரை அரைமணி நேரம் பேச விட்டால் இன்னும் சொல்வார். பயற்றங்கொடி காய்த்து ஓய்ந்ததும் வேரோடு பிடுங்கக்கூடாது, தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இளம் பால்மரக் கன்றுகளுக்கு நடுவே நிலத்தை மூட அவரை இனத்துக் கொடிகளைத்தான் விடுவார்கள். வேர் மண்ணுக்குச் சத்து சேர்க்கும் என்பதைத் தோட்டக்காட்டில் பார்த்தே பழகியவர்.

எல்லாம் தெரிந்தவர்கள் என்று சொல்லவில்லை. யூரியாவைக் கண்டால் அம்மாவுக்குக் கை நிற்காது. உரத்தை அளந்து போடு என்றால் சண்டைக்கு வருவார். அந்த இடத்தில் உங்கள் பயிற்றுநர்தான் வேண்டும். என் பேச்சை அவர் கேட்பதில்லை.

முருங்கை விஷயம் ஒன்று பாக்கி. மரம் நடக்கூடாது, அது அரசாங்க நிலம், தற்காலிக உரிமத்தில் இருக்கிறது என்றீர்கள். நிலச் சட்டப்படி அந்த உரிமம் வருஷா வருஷம் டிசம்பர் 31-ஓடு முடிந்து, மறுபடி புதுப்பிக்க வேண்டியது என்பது எனக்கும் தெரியும். முருங்கை மரமா கீரையா என்று ஒரு மணி நேரம் வாதாடினோம், தீரவில்லை. மரம் வேண்டாம் என்றால் போத்து நட்டு இடுப்பளவில் வெட்டி வெட்டிக் கீரையாகவே வைத்துக்கொள்கிறோம். உரிமத்தை அடுத்த வருஷம் புதுப்பிக்கப் போகிறீர்களா இல்லையா என்பதை மட்டும் எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாத நிலத்தில் உழைத்துவிட்டுக் கிளம்பின அனுபவம் எங்கள் ஆட்களுக்கு நிறைய.

சாவியை எங்களிடம் கொடுத்தால் பொறுப்பு யார் என்று கேட்பீர்கள். இரண்டு பேர் பெயர் தருகிறோம். குழாய்க்கு மீட்டர் போடுங்கள், மாதாமாதம் எண்ணைப் படித்து எழுதி வைக்கிறோம். கார் கழுவ யாராவது வந்தால் அம்மாவே பார்த்துக்கொள்வார், உங்கள் பூட்டைவிட அவர் வாய் பலம். பீப்பாய் இனி இருக்காது, இருந்தாலும் மூடியோடு இருக்கும்.

அம்மாவால் மூன்று மாடி இறங்கி உங்கள் அலுவலகப் படியும் ஏற முடியாது. நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அடுத்த வாரம் முழுக்க இரவு ஷிப்ட், அதனால் பகலில் எந்த நேரமும் வரலாம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முகப்புக்கு வருகிறேன். ரசீது எழுதி வையுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாவது மாடிக் குடியிருப்பாளர்