எந்த மணிநேரத்துக்குச் சம்பளம்?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களின் குறைந்தபட்ச ஊதிய விதியைத் திரும்பப் பெறும் முயற்சி பற்றிய செய்திகளில் மணிக்கு 7.25 டாலர் என்ற எண்தான் அடிபடுகிறது. 2009 முதல் மாறாத எண் அது. ஆனால் பல வழக்குகளில் தகராறு, எந்தெந்த மணிநேரத்தைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான்.

1974-இல் வீட்டு வேலையாட்களை ஊதியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, முதியோருக்குத் துணையிருப்போருக்கு விலக்கு அளித்தார்கள். பேச்சுத்துணைக்கு வருபவரை மனதில் வைத்து எழுதிய அந்த விலக்கை, வீடுகளுக்குப் பணியாளர்களை அனுப்பும் ஏஜென்சிகளும் பிடித்துக்கொண்டன. 2007-இல் உச்ச நீதிமன்றமும் அதை அனுமதித்தது. 2013-இல் வெளியாகி, வழக்குகளைக் கடந்து 2015 அக்டோபரில் அமலுக்கு வந்த விதிதான் ஏஜென்சிகளுக்கு அந்த விலக்கு இல்லை என்றது.

ஒரு பணியாளர் தினமும் மூன்று வீடுகளில் இரண்டிரண்டு மணி நேரம் வேலை செய்கிறார், மணிக்கு 9 டாலர் என்று வையுங்கள். வீட்டுக்கு வீடு போக 45 நிமிடம். கையில் வருவது 54 டாலர். பயணத்தையும் சேர்த்தால் உழைப்பு ஏழரை மணி நேரம், மணிக்கு 7.20 டாலர்தான், சட்ட வரம்புக்குக் கீழே. (காலையில் தன் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போகும் நேரம் சேராது.) இதற்குத் தனிக் கணக்குப் புத்தகம்கூட வேண்டாம். மெடிகெய்டு (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் கொடுக்கும் பணியில் வந்த நேரமும் போன நேரமும் மின்னணு முறையில் பதிவாகின்றன. ஒரு வீட்டில் வெளியேறியதற்கும் அடுத்த வீட்டில் நுழைந்ததற்கும் உள்ள இடைவெளி ஏஜென்சியின் கணினியிலேயே இருக்கிறது.

இரவுப் பணி இதைவிடச் சிக்கல். 24 மணி நேரப் பணியில், முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால், தூக்கத்துக்காக 8 மணி நேரம் வரை சம்பளக் கணக்கிலிருந்து கழிக்கலாம். ஆனால் ஐந்து மணி நேரமாவது தூங்க முடியாமல் போனால் அந்த எட்டு மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு. நோயாளி எத்தனை முறை எழுப்பினார் என்று யாரும் எழுதிவைக்காததால் இந்த உரிமை பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. நியூயார்க்கில் 24 மணி நேரப் பணிக்கு, தூக்கத்துக்கு எட்டும் சாப்பாட்டுக்கு மூன்றும் கழித்து, 13 மணி நேரக் கூலி கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் ஓடுகிறது.

பணமில்லை என்று ஏஜென்சிகள் சொல்வது முழுப் பொய்யல்ல. மெடிகெய்டு கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. இத்தகைய பணிகளுக்கான தொகையில் 80 சதவீதம் பணியாளருக்கே போக வேண்டும் என்று 2024-இல் வந்த விதியும் ஆறு ஆண்டு அவகாசம் கொடுத்தது.

2015-க்கு முந்தைய நிலைக்குத் திரும்பும் வரைவு 2025 ஜூலை 2-இல் வந்தது; அதே மாதம் 25-ஆம் தேதி, தொழிலாளர் துறை தன் அமலாக்கத்தையும் நிறுத்தியது. விதி நீங்கினால் பாதிப்பு எங்கும் ஒரேபோல் இருக்காது. நியூயார்க் போல இவர்களுக்கெனத் தனி ஊதியச் சட்டம் உள்ள இடங்களில் அந்தச் சட்டம் அவர்களைத் தாங்கும். கூட்டாட்சிச் சட்டத்தை மட்டுமே நம்பியிருக்கும் மாநிலங்களில் அந்த ஒன்றரை மணி நேரப் பயணம் சட்டப்படியே இலவச உழைப்பாகிவிடும்.