பில்ட் கேஷுக்கு இடம் கொடுங்கள்: உள்கட்டமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்கட்டமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் நிரலை ஓடும் வடிவமாகக் கட்டும் வேலையை (பில்ட்) செய்கிற ரன்னர் கணினிகளைப் பற்றி நாங்கள் போட்ட புகார் டிக்கெட்டுகள் உங்களிடம் இருக்கின்றன. ஒருமுறை கட்டியதைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்தும் பில்ட் கேஷ் அவற்றில் நிலைப்பதில்லை. பழைய கதைக்குள் போகாமல், போன வெள்ளிக்கிழமை மாலை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பணம் செலுத்தும் பக்கத்தில் தொகை இரண்டு மடங்காகக் காட்டியது. காரணத்தைக் கண்டுபிடித்து ஒரே ஒரு வரியை மாற்றினோம். அது வெளியே போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. எங்கள் செயலி எதன் மேல் கட்டப்படுகிறதோ, அந்த மாறாத அடிப்படை இமேஜ் மறுபடி இறங்கியது. மாறாத லைப்ரரிகள் மறுபடி இறங்கின. அவற்றில் சி மொழியில் எழுதியவை முதலிலிருந்து கம்பைல் ஆயின. அவ்வளவு நேரமும் வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர்கள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எப்போது சரியாகும் என்று அவர்கள் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

இமேஜைக் கட்டும் கருவியான டாக்கருக்குப் படிப்படியாக வழி சொல்லும் டாக்கர்ஃபைலைத் திருத்தச் சொன்னீர்கள், திருத்திவிட்டோம். லைப்ரரிப் பட்டியலை முதலில் காப்பி செய்து நிறுவிய பிறகே நிரலைக் கொண்டுவருகிறோம். தேவையில்லாத கோப்புகளை விலக்கும் டாக்கர்இக்னோர் கோப்பும் வைத்தாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஜாபுக்கும் புது ரன்னர் எழுகிறது, முடிந்ததும் அழிகிறது. கட்டிய படிகளைச் சேமிக்கும் லேயர் கேஷும், இறக்கிய கோப்புகளை வைத்திருக்கும் கேஷ் மவுன்ட்டும் அதோடு போய்விடுகின்றன. இதற்கு டாக்கர்ஃபைலில் மருந்து இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இமேஜ்களைச் சேமிக்கும் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் கேஷை வைக்க அனுமதியுங்கள். அதற்கு உள் ரெஜிஸ்ட்ரியில் ஒரு தனி ரெப்போவும், டாக்கரின் பில்ட் கட்டளையான பில்ட்எக்ஸில், பில்டைத் தனிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கர்-கன்டெய்னர் டிரைவரும் போதும். கேஷின் மோடை ‘மேக்ஸ்’ (max) என்று வைக்க வேண்டும். இயல்பான ‘மின்’ (min) மோடில் கடைசி இமேஜின் லேயர்கள் மட்டுமே சேமிக்கப்படும். எங்கள் கம்பைல் வேலையோ இடைக்கட்டத்தில் நடக்கிறது. பாதுகாப்புதான் கவலை என்றால், மெயின் கிளையின் பில்ட் மட்டும் கேஷில் எழுதட்டும், மற்ற கிளைகள் படித்தால் போதும்.

இந்த வகைக் கேஷைக் கையாளும் பில்ட் எஞ்சினான பில்ட்கிட் 2018-இல் டாக்கருக்குள் வந்தது. 2023-இல் வந்த 23.0 பதிப்பிலிருந்து லினக்ஸில் அதுவே இயல்பு. நாங்கள் அபூர்வமான எதையும் கேட்கவில்லை. காத்திருந்து சலித்துப்போய், எங்கள் குழுவின் பிள்ளைகள் சின்னச் சின்ன மாற்றங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பப் பழகிவிட்டார்கள். அப்புறம் பிழை எதில் நுழைந்தது என்று தேடுவதிலேயே பொழுது போகிறது. அடிக்கடி சின்னதாக அனுப்புங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லும் நிர்வாகம், அதற்கு வழி செய்து தர வேண்டாமா?

தயவுசெய்து அடுத்த வெளியீட்டுக்கு முன் கேஷ் ரெப்போவுக்கு அனுமதி கொடுங்கள். நேரம் சொன்னால் எங்களில் ஒருவர் வந்து உங்களோடு உட்கார்ந்து அமைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
பேமென்ட் குழுவிலிருந்து ஒருவர்