நீல இன்ஹேலர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு மருந்தாளுநர். ஆஸ்துமா பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் தூசி, புகை, குளிர்காற்று என்று எதை எதைத் தவிர்க்க வேண்டும் எனச் சொல்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அதுவும் தேவைதான். ஆனால் தினமும் இன்ஹேலரை எடுத்துக் கொடுக்கிற எனக்கு வேறொரு கவலை இருக்கிறது.

"அந்த நீல இன்ஹேலர் மட்டும் குடுங்க" என்று கேட்டு வருபவர்கள், அது தீர்ந்து சீக்கிரமே திரும்பவும் வருகிறார்கள். அதே சீட்டில் மருத்துவர் எழுதிய இன்னொரு இன்ஹேலரை வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டால், "அதை இழுத்தா ஒண்ணும் தெரியலைங்க, இதுதான் உடனே கேக்குது" என்பார்கள்.

உடனே கேட்பது உண்மை. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால், இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை தாங்கும். ஆனால் ஆஸ்துமாவுக்கு அடிப்படை, குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கம். அது இருக்கும்வரை சளி சுரந்துகொண்டே இருக்கும். சின்னப் புகைக்கும் ஒரு ஜலதோஷத்துக்கும் குழாய் மறுபடி சுருங்கும். சால்பியூட்டமால் அந்த வீக்கத்தைக் குறைப்பதில்லை. குறைப்பவை, அந்த இன்னொரு இன்ஹேலரில் இருக்கும் புடசொனைடு, புளூட்டிகசோன் போன்ற, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள். அவற்றின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள்கூட ஆகலாம். பொறுக்க முடியாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

உலகளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்பியூட்டமால் போன்ற, உடனடி நிவாரண மருந்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்று 2019இலேயே சொல்லிவிட்டது. 200 பஃப் (ஒருமுறை அழுத்தினால் வரும் அளவு ஒரு பஃப்) கொண்ட இந்த நிவாரண இன்ஹேலர் ஒருவருக்கு ஒரு வருடத்தில் மூன்றோ அதற்கு மேலோ தேவைப்பட்டால், கடுமையான மூச்சுத்திணறல் வரும் அபாயம் கூடுகிறது. மாதம் ஒன்று என்றால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் மட்டும் ஆஸ்துமாவால் 4,55,000 பேர் இறந்திருக்கிறார்கள். கட்டுப்படுத்தக்கூடிய ஒரு நோய்க்கு இத்தனை உயிர்கள் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஸ்டீராய்டு என்றதும் பயந்து பெட்டியைத் திருப்பித் தருபவர்களும் உண்டு. ஒரு பஃப்பில் இருப்பது பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம்தான், அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண்ணும் குரல் கம்மலும் பெரும்பாலும் வராது. இதை நிறுத்திவிட்டு இளைப்பு முற்றி வருபவர்கள்தான், கடைசியில் நாளுக்கு 40 மில்லிகிராம் வரை ஸ்டீராய்டு மாத்திரை விழுங்க வேண்டியிருக்கிறது. ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, தினசரிக்கும் இளைக்கும்போதும் பயன்படுத்தும் முறையும் இப்போது இருக்கிறது. தமக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

அடுத்து, இழுக்கும் விதம். "எப்படி இழுக்கிறீங்க, காட்டுங்க" என்று நான் கேட்பதுண்டு. ஒரு அம்மா வாய்க்குள் அடுத்தடுத்து இரண்டு பஃப் அடித்து உடனே மூச்சை விட்டார். மருந்து அப்படியே வெளியே வந்தது. மருந்து சரியில்லை என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். அழுத்தி அடிக்கும் இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளை இறுக்கி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். பிறகு பத்து வினாடி மூச்சை அடக்க வேண்டும். தூள் மருந்து இன்ஹேலருக்கு இழுக்கும் வேகம் அப்படியே தலைகீழ்: வேகமாக, ஒரே மூச்சில் பலமாக இழுக்க வேண்டும். கை ஒத்துழைக்காத முதியவருக்கும் குழந்தைக்கும் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய்) பெரிய உதவி. ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி நான் மன்றாடாத நாள் குறைவு.

இரவில் இருமலோ இளைப்போ எழுப்பினாலோ, வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்பட்டாலோ ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நேரே அவசர சிகிச்சைக்கு. திணறல் குறையாமலே வீசிங் சத்தம் மட்டும் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகாததால் அப்படி ஆகலாம்.

மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். அன்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் அழுத்தி அடிப்பது, தூள் மருந்து என்ற இரண்டு வகை இன்ஹேலரையும் இழுக்கும் முறையைப் படங்களோடு வெளியிட வேண்டுகிறேன். வாசகர்களும் அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது தங்கள் இன்ஹேலரை எடுத்துச் சென்று, "நான் இழுக்கிறது சரியா, பாருங்க" என்று கேட்கட்டும். பின்னால் கூட்டம் நின்றாலும் தயங்காமல் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்