நடைபாதை கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்: வீதி, நடைபாதைப் பொறுப்பு அதிகாரி அவர்கள், ரொறன்ரோ.

அனுப்புநர்: ஸ்காபரோவில், நீங்கள் அறிந்த அதே மாடிக் குடியிருப்பில் வசிக்கும் தமிழ்ப் பெரியவர்களும் அவர்களின் பிள்ளைகளும்.

பொருள்: குடியிருப்பு வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நடைபாதை அமைத்துத் தருதல், முந்தைய மனுக்களுக்குப் பதில் தருதல். ஆங்கிலப் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் தெருவை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அளவெடுக்க வந்தவர்கள் புல்லில் செம்மஞ்சள் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோடு பனியில் அழிந்தே போய்விட்டது. எங்கள் கடிதங்களுக்கோ ‘கிடைத்தது’ என்ற தானியங்கிப் பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு பொண்ட் வீதியிலுள்ள மக்கென்சி இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்து, இந்த நகரத்தின் முதல் நகரபிதாவைப் பற்றிச் சொன்னார்கள். அவரும் ஆயுள் முழுக்க மனுவோடு அலைந்தவர் என்று அறிந்தபின், அவர் கதையையும் சேர்த்தே இதை எழுதுகிறோம். தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

1. 1834 மார்ச் 6ஆம் தேதி யோர்க் என்ற எல்லைப்புற ஊர் ரொறன்ரோ மாநகரமானது. சனத்தொகை ஏறக்குறைய 9,000. மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு. ‘சேற்று யோர்க்’ என்றே ஊருக்குப் பட்டப்பெயர். அந்தச் சேற்றுக்குள்தான் வில்லியம் லயன் மக்கென்சி முதல் நகரபிதா ஆனார். ஸ்கொட்லாந்தின் டண்டீயில் பிறந்து, கைக்குழந்தையிலேயே தகப்பனை இழந்து, தாய் வளர்த்து ஆளாகி, 1820இல் இங்கே வந்து இறங்கிய குடியேறி அவர். அவருடைய சபை எடுத்த முதல் வேலைகளில் ஒன்று கிங் வீதியோரம் பலகை நடைபாதை போட்டது. கஜானாவில் காசில்லை. வரியை உயர்த்த வேண்டியிருந்தது, சனம் கொதித்தது. ஆனாலும் நடக்கிறவனுக்குப் பாதை வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

2. எங்கள் பக்கம் அந்தப் பலகைகூட இல்லை. நடைபாதை எதிர்ப்பக்கம், பஸ் தரிப்பிடம் எங்கள் பக்கம். கடவை விளக்கு இருப்பது அடுத்த சந்தியில். கோடையில் புல்மேட்டில் நடந்து எப்படியோ சமாளித்துவிடுகிறோம். மார்கழி பிறந்தால்தான் கஷ்டம். பனி வாரும் வண்டி வீதியைத் துப்புரவாக்கி, அள்ளிய அத்தனையையும் எங்கள் ஓரத்தில் தள்ளிவிட்டுப் போகிறது. இடுப்பளவுக்கு மேடு. பகலில் மேலாக உருகி, இரவில் இறுகி, விடிந்தால் கால் வைக்க முடியாத வழுக்கல். வோக்கரின் சில்லு அதில் ஏறாது. அப்புறம் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? வீதியில்தான் இறங்குகிறார்கள். பாய்ந்து வரும் வாகனங்களுக்குப் பக்கத்தில், வோக்கரில் மருந்துப் பையைக் கொழுவிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக. பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற காலம். கறுப்புக் குளிரங்கி போட்ட ஒரு கிழவர் வீதியோரம் நடப்பது ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

போன மாசியில் எங்கள் அம்மாக்களில் ஒருவர் அந்த மேட்டில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியால் வந்துவிட்டார், சரி. ஆனால் வெளியே வருவதையே விட்டுவிட்டார். தைப்பூசத்துக்குக் கோயிலுக்குக் கூப்பிட்டால், “வேண்டாம் பிள்ளை, அந்த ஐஸில என்னால ஏலாது” என்கிறார். இரத்தம் சுத்திகரிக்கப் போகும் ஐயா ஒருவர் இருக்கிறார். அவருக்கு வீட்டில் இருந்துவிடவும் வழியில்லை. போகாவிட்டால் உயிர் போய்விடும். அவர் பஸ்ஸில் ஏறிவிட்டாரா என்று மாடி ஜன்னலில் நின்று பார்ப்பதே அவர் மனைவியின் வேலையாகிவிட்டது. ஐயா, நாங்கள் பூங்கா கேட்கவில்லை, மண்டபம் கேட்கவில்லை. வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குக் கொஞ்சம் சீமெந்து கேட்கிறோம்!

3. அதே 1834 கோடையில் நகரத்துக்குக் காலரா வந்தது. நகரபிதா தானே நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கடைசியில் அவருக்கும் தொற்றியது. அவர் குறையில்லாத மனிதர் அல்ல. வாயும் பேனாவும் பொல்லாதவை, யாரோடும் இணங்கிப்போகத் தெரியாது. அடுத்த தேர்தலில் சனம் அவரைத் தோற்கடித்தது. பதவியில் ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. அந்தச் சொற்ப காலத்துக்குள்தான் நடைபாதை. உங்களிடம் நோயாளியைச் சுமக்கச் சொல்லவில்லை. பனிக்காலத்தில் ஒரு பின்னேரம் வந்து எங்கள் வாசலிலிருந்து தரிப்பிடம் வரை நடந்து பாருங்கள்.

4. இனிச் சொல்லப்போவது எங்களை உறுத்துகிற விஷயம். 1824இல் மக்கென்சி ‘கொலோனியல் அட்வகேட்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1826இல் ஆளும் குடும்பங்களின் பிள்ளைகள் அச்சகத்துக்குள் புகுந்து அச்செழுத்துகளை அள்ளி ஏரியில் எறிந்தார்கள். அவர் நீதிமன்றம் போனார், 625 பவுண் நட்டஈடு வாங்கினார், மறுபடி அச்சடித்தார். அவர் உறுப்பினராயிருந்த சட்டசபையிலிருந்து அவரைத் தூக்கி எறிந்தார்கள். 1832 இடைத்தேர்தலில் 119 வாக்குக்கு 1 என்று சனம் திருப்பி அனுப்பியது. மறுபடி எறிந்தார்கள். அந்த வருடமே சனத்தின் மனுக்களைத் தூக்கிக்கொண்டு லண்டன் வரை கடல் கடந்து போனார். 1835இல் குறைகளையெல்லாம் திரட்டிப் பெரிய அறிக்கையாகவும் கொடுத்தார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 1837 டிசம்பரில் யொங் வீதியில், மொன்ட்கொமரி விடுதிக்குப் பக்கத்தில், அது துப்பாக்கியில் போய் முடிந்தது. அவர் தலைக்கு 1,000 பவுண் விலை வைத்தார்கள். அவர் அமெரிக்காவுக்குத் தப்பினார். கூட நின்ற சாமுவேல் லவுண்ட், பீட்டர் மத்தியூஸ் இருவரையும் 1838இல் தூக்கிலிட்டார்கள்.

ஆயுதம் எடுத்தது சரியென்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வழியின் விலை எங்களுக்கு நன்றாகத் தெரியும்; இந்தக் குடியிருப்பில் யுத்தத்தைப் பார்க்காத பெரியவர்கள் இல்லை. நாங்கள் மனுவை நம்பி இங்கே வாழ்கிறவர்கள். அதனால்தான் பதில் வராதபோது இவ்வளவு வலிக்கிறது. 1849இல் மக்கென்சியைத் திரும்பி வர விட்டார்கள், நண்பர்கள் வீடு வாங்கிக் கொடுத்தார்கள், 1861இல் அந்த வீட்டிலேயே இறந்தார், இன்று அது அரும்பொருளகம். எல்லாம் நல்லதுதான். அவரைப் போற்றுகிற நகரத்தில் மனுவுக்குப் பதில் எழுத ஆளில்லையா?

5. நடைபாதை போடுங்கள். தயவுசெய்து போடுங்கள்.

6. வேலை தொடங்கும்வரை, குறைந்தபட்சம் எங்கள் ஓரத்துப் பனி மேட்டையாவது அன்றன்றே அகற்ற உத்தரவிடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும், முடியும் என்றால் எந்த மாதம் என்பதையும் எழுத்தில் தாருங்கள். தானியங்கிப் பதில் வேண்டாம். அடுத்த பனி விழுமுன் உங்கள் கையொப்பத்தோடு ஒரு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
குடியிருப்பின் பெரியவர்கள் சார்பாக,
கையொப்பங்கள் தனித்தாளில்.