சீட்டில் எழுதியிருப்பது பற்றி எஸ்தருக்கு

திருப்பூர்,
ஜனவரி 6

அன்பு மகள் எஸ்தருக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய பார்சல் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. ஐந்து தொப்பிகளும், நீ சுற்றியிருந்த மெல்லிய தாள்கூடக் கசங்காமல், பத்திரமாக வந்தன. சாம்பல் நிறத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். பச்சையைச் சித்தப்பாவுக்குக் கொடுத்தோம். திருப்பூர் வெயிலுக்கு உல்லன் தொப்பி எதற்கு என்று கேட்டவன், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து, அண்ணன் மகள் ஸ்காட்லாந்தில் தன் கையால் பின்னி அனுப்பியது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். போதகர் ஐயாகூடத் தொட்டுப் பார்த்துவிட்டு, உன் அம்மாவின் கை உனக்கு அப்படியே வந்திருக்கிறது என்றார்.

உன் மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது? அக்டோபரில் பேசியபோது வலது கை மரத்துப்போகிறது என்று சொன்னாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நீ எடுக்கவில்லை. நவம்பரில் மட்டும் 140 தொப்பிகள் விற்றதாக நீ சொன்ன அன்று அம்மா பூரித்துப்போய் அக்கம்பக்கம் முழுவதும் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கும் பெருமைதான். ஆனால் வாழ்நாளெல்லாம் புரொடக்‌ஷன் கணக்குப் பார்த்தவன் மனது, வேண்டாம் என்றாலும் பெருக்கிப் பார்க்கும். அம்மாவின் வேகம் உனக்குத் தெரியும். அவளுக்கே ஒரு தொப்பிக்கு ஆறு மணி நேரம் ஆகும். 140 தொப்பிக்கு 840 மணி நேரம். நவம்பர் மாதத்தில், நீ உறங்கும் நேரத்தையும் வேலைக்குப் போகும் நேரத்தையும் கழிக்காமல், மொத்தமே 720 மணி நேரம்தான் இருக்கிறது. அதனால்தான் கையைப் பற்றி முதலில் கேட்கிறேன். டாக்டரிடம் காட்டினாயா?

செக்கிங் டேபிளில் நின்று பழகியவனுக்கு எந்தத் துணி கையில் வந்தாலும் உள்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. அம்மா சமையலறையில் இருந்தபோது அவளுடைய சாம்பல் தொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, நூல் நல்ல நூல், இழுத்தால் திரும்பிவருகிறது, கண்ணி எங்கும் விடவில்லை. ஆனால் உள்புறம் என்று ஒன்று அதற்கு இல்லை. ஒரு நீளமான குழாயை இரு முனையிலும் நூல் கோத்துச் சுருக்கி, ஒரு பாதியை மறு பாதிக்குள் தள்ளி, இரட்டைத் துணியாக ஆக்கியிருக்கிறது. அம்மா பின்னும் தொப்பியின் உச்சியில் கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைத்துக்கொண்டே போவதால் வருகிற நட்சத்திரம் இதில் இல்லை. பையின் வாயைக் கயிற்றால் இறுக்கியதுபோல் உச்சி கூடியிருக்கிறது. ஓரத்தில் இழுத்தால் நீளுகிற, வரிவரியான ரிப் பின்னலும் இல்லை. ரிப் வர வேண்டுமானால் மிஷினின் நிற்கும் வட்டமான சிலிண்டரில் மட்டும் ஊசி இருந்தால் போதாது, அதன் மேல் படுத்திருக்கும் தட்டான டயலிலும் இருக்க வேண்டும் என்பதை உனக்குப் பத்து வயதில் கம்பெனிக்கு அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். பிறகு சுற்றளவில் கண்ணிகளை எண்ணினேன். 48. மீதித் தொப்பிகளையும் எண்ணினேன். சித்தப்பாவுடையதையும் கேட்டு வாங்கி எண்ணினேன். எல்லாவற்றிலும் 48. பெரிய தலைக்கும் சின்னத் தலைக்கும் ஒரே 48.

இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கைப்பிடியைச் சுற்றினால் ஓடுகிற, 48 ஊசி வைத்த சின்ன வட்ட மிஷின்கள் இப்போது வீட்டு உபயோகத்துக்கு வருகின்றன என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தொப்பிக்கு உரிய குழாய் இறங்கிவிடும். அப்படி ஒன்றை நீ வாங்கியிருந்தால் அதில் குற்றம் எதுவும் இல்லை, கண்ணு. மிஷினைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. முப்பது இன்ச் விட்டமும், 24 கேஜ், அதாவது இன்ச்சுக்கு 24 ஊசியும் உள்ள மிஷினில் ஏறத்தாழ 2260 ஊசிகள் ஒரே சுற்றில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உன்னைப் படிக்க வைத்தவன் நான். நீ இருக்கும் நாட்டில்தான், நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் கால்வெர்டன் என்ற ஊரில், வில்லியம் லீ என்கிற பாதிரியார் 1589இல் முதல் பின்னல் மிஷினைச் செய்தார். மிஷின் பின்னலுக்கே நானூறு வருஷத்துக்கு மேல் வயது. அதற்கென்று ஒரு மரியாதையும் உண்டு. நம் வீட்டுச் சோறும் அதிலிருந்து வந்ததுதான்.

என் மனதை உறுத்துவது தொப்பியில் நீ கட்டியிருக்கிற சின்னச் சீட்டு. ஒவ்வொரு கண்ணியும் ஊசியில், கையால், தென்னிந்தியாவில் என் தாய் கற்றுக்கொடுத்த முறைப்படி பின்னப்பட்டது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறாய். அம்மா அந்தச் சீட்டை வெட்டி எடுத்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள்.

கைப்பிடியைச் சுற்றுவதும் கைதானே என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். எடின்பரோ போன முதல் வருஷத்தில் ஹாரிஸ் ட்வீட் என்கிற கம்பளித் துணியைப் பற்றி எவ்வளவு ஆசையாகப் பேசினாய்! அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் வாழ்கிறவர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்திருக்க வேண்டும் என்று 1993இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது, ஒரு துணிக்காக ஒரு சட்டம் அப்பா, என்று சொன்னாய். அங்கே தறியைக் காலால் மிதித்துத்தான் ஓட்டுகிறார்கள் என்றும், மோட்டார் வைத்தால் அந்தப் பெயர் போய்விடும் என்றும் விளக்கினாய். தறி ஒரு கருவி என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. எது கை, எது கருவி என்று வெளிப்படையாக எழுதிவைத்துக்கொண்டுதான் விலை சொல்கிறார்கள். நீயும் அப்படியே எழுதலாமே. கையால் சுற்றும் மிஷினில் பின்னி, உச்சியைக் கையால் முடித்தது என்று எழுதினால் ஒரு பொய்யும் இல்லை. வாங்குகிறவர்கள் வாங்குவார்கள். விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள். அம்மாவின் முறையில் மாதத்துக்கு நாலைந்து மட்டும் ஊசியில் பின்னி, அவற்றுக்கு வேறு சீட்டும் வேறு விலையும் வை. கைக்கும் ஓய்வு கிடைக்கும்.

லேபிள் விஷயத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பழைய கம்பெனி ஒன்றில், குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூல் என்று லேபிள் வைத்துத் தைத்த ஒரு லாட்டில் பாதித் துணி, அப்படிச் சீவாத, மலிவான கார்டட் நூலில் ஓட்டியது என்பது பேக்கிங் ஆன பிறகு தெரியவந்தது. துணியில் ஒரு ஓட்டை கிடையாது, கறை கிடையாது. போட்டுக்கொள்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, அப்படியே போகட்டும் என்றுதான் பலரும் சொன்னார்கள். முதலாளி பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். இரவு முழுவதும், தையல்காரர்களுக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கழுத்துத் துணி கிழியாமல், லேபிளின் தையலை ஒவ்வொரு நூலாக வெட்டி எடுத்தார்கள். விடிந்தபோது தரையெங்கும் வெள்ளை லேபிள்கள் கிடந்தன. அதே பனியன்கள் கார்டட் என்ற லேபிளோடு, குறைந்த விலைக்கு, இன்னொரு ஆர்டரில் போயின. நஷ்டம்தான். ஆனாலும் முதல் ஆர்டரைக் கொடுத்த பையர் அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார். 140 தொப்பிக்குச் சீட்டு மாற்றுவதற்கு இரவெல்லாம் உட்கார வேண்டியதில்லை.

உன் அம்மாச்சியை நினைத்துப் பார். வயதான காலத்திலும் அந்த லேஸ் திண்டை மடியில் வைத்துக்கொண்டு, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் அந்தக் கைவேலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை 1844இல் மணந்துகொண்டு இடையன்குடிக்குப் போனபோது அதை அங்கேயும் கொண்டுபோனார். லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை அடிமைத்தனத்திலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் அன்றைய திருவிதாங்கூரில் இருந்தார்கள். நாகர்கோவிலில் திண்டும் குச்சியும் வருவதற்கு முன்பே, 1813இல், நாட்டிங்ஹாமில் ஜான் லீவர்ஸ் லேஸ் மிஷினை ஓட்டிக்காட்டிவிட்டார் என்பதை யோசித்துப் பார். மலிவான மிஷின் லேஸ் இங்கிலாந்தில் கிடைக்கும்போதே, இங்கிருந்து போன லேஸுக்கு அங்கே தனி விலை கொடுத்தார்கள் என்றால், அது கையால் செய்தது என்ற ஒரே நம்பிக்கைக்காகத்தான் கொடுத்தார்கள். உன் சீட்டில் கை என்று அச்சடித்து நீ விற்பது அவர்கள் சேர்த்துவைத்த அந்த நம்பிக்கையைத்தான். இது கொஞ்சம் கடுமையாக இருக்கிறதா? இருக்கட்டும். வேறு யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்வது நல்லது.

வேறு யாராவது சொல்வார்கள் என்பதுதான் என் பயம். உன்னிடம் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பல ஊர்களில் இருக்கிற உன் பின்னல் தோழிகள் என்று சொல்லியிருக்கிறாய். அவர்கள் எல்லாரும் ஊசி பிடித்த பெண்கள். மற்றவர்கள் தொப்பியைத் தலையில் போட்டுக் கண்ணாடி பார்ப்பார்கள்; இவர்கள் முதலில் உச்சியைப் பார்ப்பார்கள், அடுத்து ஓரத்தைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒருவேளை இதற்குள் தெரிந்தும் இருக்கும். கிறிஸ்துமஸ் பரிசாக வந்ததைக் குறை சொல்லக் கூடாது என்று பேசாமல் இருக்கலாம். நீ முதல் குளிர்காலத்தில் ஆள் தெரியாத ஊரில் தனியாக இருந்தபோது வீட்டுக்கு அழைத்து டீ கொடுத்தவர்கள் என்று அவர்களில் இருவரைப் பற்றி எழுதியிருந்தாய். அவர்களிடமாவது நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. சீட்டை மாற்று. பழைய சீட்டு மிச்சம் இருந்தால் கிழித்துப் போடு.

உன் அம்மா இதுவரை ஒரு தொப்பியைக்கூட விற்றதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. விற்றிருந்தால் நமக்கு அந்த நாட்களில் உதவியாக இருந்திருக்கும். அவள் யாருக்காவது பின்னினால் அந்த ஆளை நினைத்துக்கொண்டேதான் பின்னுவாள். குன்னூர் நாட்களில் எனக்குப் பின்னிய ஸ்வெட்டரில் கைக்குழியில் ஒரு கண்ணி விட்டுப்போனதை முதுகுப் பக்கம் முடிந்த பிறகு கவனித்து, ஒரு வாரத்து வேலை முழுவதையும் பிரித்து நூலாகச் சுற்றிவிட்டாள். போட்டுக்கொண்டால் தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும் என்றாள். நீ அவளுடைய பெயரைச் சீட்டில் போட்டிருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். உன் பெயரை மட்டும் போட்டிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன், அதுவும் நிச்சயமில்லை.

இன்னொன்று. ஆகஸ்டுக்குப் பிறகு ஆபீஸைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேலை எப்படிப் போகிறது என்று அம்மா கேட்டால் தொப்பிக் கணக்கைச் சொல்கிறாய். நான் கேட்டால் அங்கே பனி பெய்கிறது என்கிறாய். மாப்பிள்ளையும் போனை உன்னிடமே கொடுத்துவிடுகிறார். மாதத்துக்கு 140 தொப்பி விற்றாக வேண்டிய நிலை ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அம்மா கோவிலுக்குப் போகும் நேரத்தில் என் நம்பருக்குப் பேசு. நம் பாங்க் டெபாசிட் ஒன்று மார்ச்சில் முதிர்கிறது. அதற்கு இங்கே அவசரச் செலவு எதுவும் இல்லை.

மணிக்கட்டை டாக்டரிடம் காட்டு. இரவில் வெந்நீர் ஒத்தடம் கொடு. சீட்டை மாற்றியதும் புதியதை ஒரு படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. எழுத்தில் ஏதாவது தவறு இருந்தால் அச்சடிப்பதற்கு முன் சொல்கிறேன்.

அம்மா அதே சாம்பல் நிறத்தில் பெரியம்மாவுக்கு ஒன்று பின்ன வேண்டும் என்று நூல் வாங்கி வைத்திருக்கிறாள். உச்சியை எப்படி இவ்வளவு சீராக முடித்தாய் என்று வரும் ஞாயிற்றுக்கிழமை உன்னிடமே கேட்டுக்கொள்ளப் போகிறாளாம்.

அன்புடன்,
அப்பா