கால் கால் மில்லியாகத் திரும்பிய கால்

வடமதுரையில் எங்கள் தெருக்காரர்களுக்கும், எலும்பு வார்டில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும்,

என் பையனின் வலது காலில் போட்டிருந்த கம்பியைக் கழற்றி, அதற்குப் பின் போட்ட மாவுக்கட்டையும் பிரித்தாயிற்று. உள்ளங்கால் தரையில் பதிகிறது. வீடு வீடாக வந்து சொல்லத்தான் நினைத்தேன். மில் ஷிப்ட் விடவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறந்தபோதே அவன் பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, கடைசிக் கட்டுக்கு முன் குதிகால் நாணைச் சின்னதாக வெட்டி, நேராக்கித்தான் கொடுத்தார்கள். பிறகு இரண்டு ஷூவையும் ஒரு பட்டையில் பிணைத்துத் தந்தார்கள். மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயது வரை தூங்கும்போது மட்டும் போட வேண்டும். ஒன்றரை வயதில் ராத்திரியெல்லாம் அழுதான். மனசு கேட்காமல் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். கால் திரும்பவும் மடங்கியது. வயிற்றில் இருந்தபோது கிரகணத்தில் வெளியே போயிருப்பாய் என்றவர்களிடம் நானும் தலையாட்டினேன். பரண் ஷூவைப் பற்றி மூச்சுவிடவில்லை.

டாக்டர் ஐயா, ஏழு வயதில் கூட்டிவந்தபோது திட்டுவீர்கள் என்று பயந்தேன். நீங்கள் தாளை எடுத்துப் படம் வரைந்தீர்கள். இறுகிப்போன காலை ஒரேயடியாக நிமிர்த்தினால் உள்பக்கத் தோலும் ரத்தக் குழாயும் தாங்காது. முழங்காலுக்குக் கீழே, குதிகாலில், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்புகளில் கம்பி செலுத்தி, வெளியே சட்டம் பூட்டி மெல்ல இழுக்க வேண்டும் என்றீர்கள். உள்பக்கத் திருகைத் தினம் நாலு தடவை, தடவைக்குக் கால் மில்லிமீட்டர். வெளிப்பக்கம் அதில் பாதி. திருக வேண்டியது வீட்டில், நாங்கள்தான்.

சைக்கிள் கடை அண்ணே, முதல் வாரம் ஸ்பேனரைப் பிடித்த என் கை நடுங்கியதைப் பார்த்து, வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில் இலிசரோவ் என்ற டாக்டர் ஆரம்பத்தில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வைத்துத்தான் இந்த வைத்தியத்தைத் தொடங்கினாராம் என்று நான் சொன்னதும், "அப்ப அவரும் நம்ம தொழில்காரர்தான்" என்றீர்கள். அன்றைக்குத்தான் பையன் சிரித்தான். (இவனுக்குப் போட்டது மும்பை டாக்டர் ஜோஷி உருவாக்கிய எடை குறைந்த சட்டம். ஜெஸ் என்கிறார்கள்.)

எதிர்வீட்டுப் பெரியம்மா, பகல் திருகு உங்கள் பொறுப்பு. அவன் "வேணாம் அப்பத்தா" என்று கெஞ்சினாலும் விட மாட்டீர்கள். திருகிவிட்டுச் சுவரில் கரிக்கோடு போடுவீர்கள். அந்தக் கோடுகளை இன்னும் அழிக்கவில்லை. பெற்றவளுக்கு இல்லாத கெட்டி மனசு உங்களிடம் இருந்தது. முன்னமே உங்களிடம் அந்த ஷூவைக் கொடுத்திருக்கலாம்.

நர்ஸ் அக்கா, கம்பி நுழையும் இடத்தைத் தினமும் எப்படித் துடைப்பது, விரல் நுனி வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ திருகை நிறுத்திவிட்டு உடனே கூப்பிட வேண்டும் என்று ஆறு தடவையாவது சொல்லிக் கொடுத்தீர்கள். குதிகால் கம்பியைச் சுற்றிச் சிவந்து நீர் கோத்தபோது ராத்திரி பத்து மணிக்குப் போன் எடுத்தது நீங்கள்தான். மறுநாளே மருந்து கிடைத்தது.

ஆறு வாரம் திருகல். அப்புறம் திருகாமல் அப்படியே வைத்திருந்த வாரங்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சலிப்புதான்.

கெண்டைக்கால் இன்னும் மெலிவுதான், பாதமும் மற்றதைவிடச் சின்னது. அது அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ராத்திரிப் பட்டை இப்போதும் உண்டு. இந்தத் தடவை பரண் ஏறாது.

செருப்புக்கடைப் பாய், இரண்டு அளவில் இரண்டு ஜோடியைப் பிரித்து, ஒரு ஜோடி விலைக்கே கொடுத்தீர்கள். மிஞ்சிய இரண்டையும் கடையில் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். இடது கால் சின்னதாக இருக்கும் பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால், அது சரியாகப் பொருந்தும். போய்க் கேளுங்கள்.